மேற்கோளுக்குள் இருந்த படுக்கை

மேற்கோள் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள்.

யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. பைத்தான் என்ற நிரல் மொழியின் புதிய பதிப்பு வந்தது. இந்தக் குறிகளுக்கு இனி வேலையில்லை என்றார்கள். ஒரு கருவியை ஏவிவிட்டார்கள். அது காபி ஆறுவதற்குள் அத்தனை கோப்புகளுக்குள்ளும் புகுந்து துடைத்துவிட்டு வந்து நின்றது. மாற்றங்களை ஒரு தடவை பார்த்து ஒப்புதல் தருவது மட்டும்தான் அவள் வேலை. திரையில் இடப்பக்கம் பழைய வரி, வலப்பக்கம் புதிய வரி. சுட்டியை உருட்டிக்கொண்டே போனவள் ஒரு கோப்பில் வந்து நின்றுவிட்டாள்.

படுக்கைகளின் கோப்பு அது. எழுதியவள் இந்தப் பெரிய நிறுவனத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இந்த ஏழாவது மாடியையோ, தானாகத் திறக்கும் கதவுகளையோ, ஆளுக்கொரு காபிக் கோப்பை வைத்திருக்கும் இந்தச் சமையலறையையோ அவள் பார்த்ததே இல்லை. பழைய நிறுவனத்தை இவர்கள் வாங்கியபோது மேசை நாற்காலியை விட்டுவிட்டு நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதோடு அவள் எழுத்தும் வந்துவிட்டது.

"என்ன மேடம், ரொம்ப நேரமா அதையே பாக்கறீங்க? ஏதாவது தப்பா இருக்கா?" என்றார் அடுத்த மேசைக்காரர்.

"தப்பெல்லாம் இல்ல. தெரிஞ்சவங்க எழுதினது."

அவர் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் இதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்தப் பழைய நிறுவனத்தில், இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிக்னல் என்று பெயர். எழுதிய நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துக் குற்றம் சொல்லும் ஒரு மென்பொருள் உண்டு, செக்கர் என்பார்கள். 'இங்கே எண் வரவேண்டும், நீ எழுத்தை அனுப்புகிறாய்' என்று வரி எண்ணோடு எடுத்துக் காட்டும். குற்றம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பச்சை விழாமல் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. டீ வந்தால் ஆறிப்போகும், ஃபோன் வந்தால் அடித்து ஓயும். அதைப் பார்த்துத்தான் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அந்தப் பெயரை வைத்தாள்.

பெயர் வைத்தவளுக்கு டிரைவர் என்று பெயர். டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சைக்கிள்கூடத் தெரியாது. ஆனால் எதைக் காட்டினாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "ஓட்டிப் பாரு." எழுதினாயா, ஓட்டு. ஓடுகிறதா, முடிந்தது கதை. ஓட்டாமல் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்வது, சோற்றைத் தின்னாமல் மோந்து பார்த்துவிட்டு உப்பு சரி என்று சொல்வது மாதிரி என்பாள். ஒரு மருத்துவ மையத்துக்காக எழுதிய நிரலில் அவள் பொய் நோயாளிகளைச் சேர்த்துச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பாள். நூற்றைம்பது வயது நோயாளி, பெயரே இல்லாத நோயாளி, கழுதை என்று பெயர் வைத்த நோயாளி. கழுதையைச் சேர்த்து, படுக்கை கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பி வைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

டிரைவர், சிக்னல், செக்கர். அந்த அலுவலகத்தில் ஒரு பஸ் மட்டும்தான் பாக்கி என்று முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதலாளி என்றால் சூட்டும் கோட்டும் இல்லை. அவரை இருவருமே அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே வார்னிஷ் அடித்தால் மேலே தலை வலிக்கும், கீழே ரம்பம் ஓடினால் மேலே யாரும் ஃபோன் பேச முடியாது. ஜன்னல் ஒன்று முழுசாகச் சாத்தாது. மழை நாளில் அந்தப் பக்கத்துக் கணினிக்குப் பிளாஸ்டிக் பையைப் போர்த்தி விடுவார்கள். இப்போது நினைத்தால் சிக்னலுக்கு அந்த வார்னிஷ் வாசனைகூட வேண்டும்போல் இருக்கிறது. அங்கே இருந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

அங்கே அவள் வந்து சேர்ந்ததே பெரிய பாடு. கல்யாணத்துக்கு முன் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வீட்டோடு இருந்துவிட்டாள். திரும்பி வேலை தேடியபோது போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" இரண்டு மனுஷர்களை வளர்த்தேன் என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்கு இது பரவாயில்ல, சுலபம்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த வருஷங்களில் மொழியே மாறிப்போயிருந்தது. தெரிந்ததெல்லாம் பழசு, புதுசு எதுவும் தெரியாது. தன் மேல் தனக்கே நம்பிக்கை இல்லாமல் இருந்தவளுக்குச் செக்கரின் பச்சை பெரிய ஆறுதலாக இருந்தது. நீ செய்தது சரி என்று வாய்விட்டுச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. இது சொன்னது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்குக் கிடைத்திருந்த பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஊரில் ஒரு டயாலிசிஸ் மையம் இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் சில நாள் வந்து, இயந்திரத்தோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். யாருக்கு எந்த நாள், எந்தப் படுக்கை என்பதை அங்கே ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். அந்த வேலை அண்ணனுக்கு வந்ததே டிரைவரால்தான். டிரைவரின் அம்மா அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். மகளும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து உட்கார்ந்து, அங்கிருந்த பெரிய சிஸ்டரோடு பழகி, "இந்தப் பலகையை விட்டுத் தொலைங்க சிஸ்டர், நாங்க பண்ணித் தர்றோம்" என்று அவள்தான் பேச்சைப் போட்டாள்.

நோயாளிகள் கோப்பு சிக்னலுக்கு. படுக்கைகள் கோப்பு டிரைவருக்கு. சண்டை ஆரம்பித்தது அங்கேதான்.

சிக்னலுக்கு ஒவ்வொரு இடத்திலும் வகையைக் குறிப்பிட்டு எழுதியாக வேண்டும். இங்கே வருவது நோயாளிதான், இங்கே வருவது படுக்கைதான் என்று பக்கத்திலேயே எழுதி வைத்தால்தான் செக்கர் படித்துப் பார்த்துச் சொல்லும். நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள், நாம் தமிழிலேயே சொல்லிக்கொள்வோம். நோயாளிக்கு ஒரு படுக்கை உண்டு, படுக்கையில் ஒரு நோயாளி உண்டு. ஆகவே நோயாளி கோப்பு படுக்கை கோப்பைக் கூப்பிட்டது, படுக்கை கோப்பு நோயாளி கோப்பைக் கூப்பிட்டது. கணினி மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வருகிற ஜாதி. இன்னும் வராத பெயரைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு கோப்பும் வாசலில் நின்றுகொண்டு 'நீங்க முதல்ல போங்க, இல்ல நீங்க முதல்ல போங்க' என்று உபசாரம் பண்ணிக்கொண்டு நிற்க, நிரல் ஆரம்பிக்கவே இல்லை.

"உன் குறிப்பால வந்த வினை. அதையெல்லாம் எடு, ஓடும்" என்றாள் டிரைவர்.

"எடுத்தா செக்கர் எதைப் பாக்கும்?"

"பாக்க வேணாம். அது பாத்து என்ன கிழிச்சுது? ஓடாத வண்டிக்கு லைசென்ஸ் எதுக்குடி?"

எலியும் பூனையும்தான். அண்ணன் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். கடைசியில் சிக்னல்தான் தேடிப்பிடித்து ஒரு வழி கொண்டுவந்தாள். வகையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுவது. போட்டுவிட்டால் ஓடுகிற கணினிக்கு அது வெறும் எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தாண்டிப் போய்விடும். செக்கர் அப்படி விடாது. குறிகளை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். கோப்பு முழுவதையும் படித்து வைத்திருப்பதால் பின்னால் வரப்போகிற பெயரைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அடுத்த கோப்பிலுள்ள பெயருக்கு, 'செக்கர் பார்க்கும்போது மட்டும் இதைக் கொண்டுவா, ஓடும்போது வேண்டாம்' என்று ஒரு நிபந்தனை எழுதி வைத்தால் போதும். ஓடுவதும் ஓடும், பச்சையும் விழும்.

டிரைவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தாள். "அப்ப நான் பாக்கறப்ப இது இல்ல, நீ பாக்கறப்ப இது இருக்கு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நல்லா இருக்கே. புருஷன் பொண்டாட்டிக்குக்கூட இப்படி ஒண்ணு இருந்தா தேவலாம்."

அன்றிலிருந்து இருவருக்கும் சமாதானம். டிரைவரே மேற்கோள் போட்டு எழுத ஆரம்பித்தாள். ஆரம்பித்தவுடனே ஒரு கூத்து. ஷிஃப்டுக்கு எதிரே, வகை எழுத வேண்டிய இடத்தில், காலை என்று மேற்கோளுக்குள் எழுதிவிட்டாள். காலை என்று ஒரு வகை எங்கே என்று செக்கர் தேடோ தேடென்று தேடிவிட்டு, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சிவப்பாகக் கத்தியது.

"காலைன்னா காலைதான். காலை தெரியாத ஒரு செக்கரா?"

"அந்த எடத்துல மேற்கோள் போட்டா உள்ள இருக்கறது ஒரு வகையோட பேருன்னுதான் அது எடுத்துக்கும். வெறும் வார்த்தைதான்னா அதை வேற மாதிரி சொல்லணும்."

"மேற்கோள் போட்டும் அது வார்த்தை இல்லியா? என்ன அநியாயம்டி இது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் டிரைவர். ஆனால் திருத்தினாள். பச்சை விழுந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து லேசாகச் சிரித்தும்கொண்டாள். சிக்னல் அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நல்ல காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் குழந்தைகளை அனுப்பிவிட்டு மாடிப்படி ஏறும்போதே டிரைவரின் குரல் கேட்கும். மதியம் டிரைவரின் டப்பாவில் உப்பில்லாத சாப்பாடு இருக்கும். அம்மாவுக்கு உப்பு ஆகாது, தனித்தனியாகச் சமைக்க டிரைவருக்குப் பொறுமை இல்லை. சிக்னல் தன்னுடையதில் பாதியைத் தள்ளிவிட்டு அதில் பாதியை எடுத்துக்கொள்வாள். அவள் "ஆச்சு" என்றால் டிரைவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "தள்ளு, ஓட்டிப் பாக்கறேன்" என்பாள். ஓட்டிவிட்டு, "உன் பச்சைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று முதுகில் ஒன்று வைப்பாள். சிநேகிதி என்று ஒருத்தி அந்த வயதுக்கு மேல் கிடைப்பாள் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

மையத்தில் நிரலை வைக்கிற நாள் நெருங்கியபோது அண்ணன் ஒரு யோசனை சொன்னார். வகைக் குறிப்புகளை ஓடும்போதே படித்து, உள்ளே வருகிற தகவல் அதன்படி இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு நூலகம், அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல், இருக்கிறதாம். வயது என்ற இடத்தில் யாராவது பெயரை அடித்துவிட்டால் அங்கேயே தடுத்துவிடும். சிக்னலுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் செக்கருக்கு மட்டும் என்று எழுதி வைத்தது இனி நிஜமாகவே வேலை செய்யப்போகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து அந்த நூலகத்தை இரண்டு கோப்புகளிலும் இணைத்தாள். செக்கரை விட்டாள். பளிச்சென்று பச்சை.

டிரைவர் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அம்மாவோடு மையத்துக்குப் போய், அங்கேயே நிரலைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

"ஆச்சா?"

"ஆச்சு. ஒரு சிவப்புகூட இல்ல."

"இரு, கழுதையச் சேர்த்துட்டுப் போயிடறேன்."

"அம்மா காத்துட்டிருப்பாங்க. நீ கெளம்பு. அதான் சுத்தமா பச்சையா இருக்குல்ல?"

டிரைவர் நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. ஒரு தடவை உன் பேச்சைக் கேக்கறேன், போ" என்று சொல்லிவிட்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள். அந்த அலுவலகத்தில் அவள் ஓட்டிப் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நிரல் ஒழுங்காகத்தான் திறந்தது. பட்டியல் வந்தது, படுக்கைகளின் படம் வந்தது. பெரிய சிஸ்டர் கையைத் தட்டினார். வெள்ளைப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியும் வைத்துவிட்டார்கள். முதல் நோயாளியைச் சேர்க்கப் பொத்தானை அழுத்தினார் சிஸ்டர். படுக்கை என்று ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று சொல்லி நிரல் விழுந்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடி விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்த நூலகமும் செக்கரைப் போலவே மேற்கோளை உரித்து உள்ளே பார்க்கிற ஜாதி. ஆனால் அது பார்ப்பது ஓடும்போது. செக்கர் பார்க்கும்போது மட்டும் கொண்டுவா என்று எழுதி வைத்த பெயர் ஓடும்போது எங்கேயிருந்து வரும்? பெயர் கிடைக்கவில்லை என்பதைக்கூட அது திறக்கும்போதே சொல்லித் தொலைக்கவில்லை. முதல் ஆளைச் சேர்க்கிறவரை வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கழுதையைச் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஃபோன் வந்ததும் அண்ணனும் சிக்னலும் ஓடினார்கள். ஆட்டோவில் போகும்போதே அவளுக்கு எங்கே தப்பு என்று மண்டையில் உறைத்துவிட்டது. உள்ளே போனால் கூடம் நிறைய ஆட்கள். பலகையில் இருந்ததை முந்தின நாளே அழித்துவிட்டிருந்தார்கள். யாருக்கு எந்தப் படுக்கை என்று சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஆபத்தில்லை, தாமதம்தான். ஆனால் வீங்கின காலோடு நாற்காலியில் காத்திருக்கிறவர்களுக்குத் தாமதம் சின்ன விஷயமில்லை. டிரைவர் கணினிக்கு முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். தன்னை நம்பி இடம் கொடுத்த சிஸ்டருக்கு முன்னால், தினமும் பார்க்கிற முகங்களுக்கு முன்னால், அவள் தலை நிமிரவே இல்லை.

சிக்னல் போய் நின்றதும் ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு வயதான அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீதானேம்மா சிக்னல்?"

"ஆமாம்மா."

"வீட்ல எப்பவும் உன் பேச்சுதான். அவ யாரையும் சுலபத்துல நம்ப மாட்டா, எங்கிட்டயே மாத்திரை போட்டியான்னு ரெண்டு தடவ கேப்பா. நேத்து வந்து சொல்றா, அம்மா, இன்னிக்கு நான் ஓட்டிக்கூடப் பாக்கல, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு." அந்த அம்மா குற்றமாகச் சொல்லவில்லை, மகளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார். "நீ ஒண்ணும் மனசு கஷ்டப்படாதே. மெஷின்னா நிக்கத்தான் செய்யும்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே நின்று அழக்கூடாது என்று குளிர்ந்த நீர் வைத்திருந்த இடத்துக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

மையம் ஒரு வாரம் தவணை கொடுத்தது. அதுவும் டிரைவர் அம்மாவின் முகத்துக்காக. சரி செய்வது பெரிய காரியமில்லை. இரண்டு கோப்புகளும் முழுசாக வந்து சேர்ந்த பிறகு, இரண்டையும் நிஜமாகவே கூப்பிடுகிற மூன்றாவது இடத்தில், 'இப்போது அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொள்' என்று நூலகத்திடம் ஒரு வரி சொன்னால் போதும். சொன்னாள். பிறகு அவளே உட்கார்ந்து கழுதையையும் நூற்றைம்பது வயதுக்காரரையும் சேர்த்துப் பார்த்தாள். எல்லாம் ஓடியது. அடுத்த முறை மையத்திலும் ஓடியது, அதற்குப் பிறகு நிற்கவில்லை. வெள்ளைப் பலகையைச் சிஸ்டர் தூக்கிப் போட்டுவிட்டார். அண்ணனுக்கு மேலும் இரண்டு மையங்கள் கிடைத்தன.

உடைந்தது வேறு. டிரைவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான்தானே ஓட்டிப் பாக்காம விட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி. "நான்தானே வேணாம்னு சொன்னேன்" என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் திரையின் பக்கம் திரும்பிவிட்டாள். பேச்சு இருந்தது, டப்பாவை மாற்றிக்கொள்வதும் இருந்தது. ஆனால் அவள் "ஆச்சு" என்று சொன்னால், டிரைவர் எழுந்து வந்து, கேலி எதுவும் இல்லாமல், "தள்ளு" என்பதுகூட இல்லாமல், அவள் நகரும்வரை நின்று, உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பாள். முடித்துவிட்டு "ம்" என்று சொல்லி எழுந்து போவாள். இரண்டு வரி மாற்றினாலும் அப்படித்தான். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அப்படித்தான். முன்பும் ஓட்டிப் பார்த்தவள்தான். அப்போது அது விளையாட்டு, இப்போது சோதனை. அந்த வித்தியாசம் சிக்னலுக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்தியது.

தான் எழுதியதை யாரும் நம்ப வேண்டாம், செக்கர் பச்சை காட்ட வேண்டாம், டிரைவர் ஒருத்தி ஒரே ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் "சரி" என்று சொன்னால் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. வீட்டில் கணவர் கேட்டார், "உன் வேலையில ஒரு தப்பும் இல்லைன்னு அண்ணன் சொல்றார், அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிட்டிருக்கே?" ஒரு நாள் டிரைவரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிப் பாப்பே?"

டிரைவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "உன் மேல இருக்கற கோபத்துல இல்லடி. எனக்கு இப்ப வரமாட்டேங்குது. நம்பணும்னுதான் நெனைக்கறேன், கை அதுவா போயிடுது."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது? அப்படியே ஒரு வருஷம் போனது, இன்னொரு மழைக்காலமும் வந்து போனது. பிளாஸ்டிக் பையை இருவரும் சேர்ந்துதான் போர்த்தினார்கள். சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் "ஆச்சு" என்றால் டிரைவர் எழுந்து வந்தாள்.

அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் டிரைவரின் அம்மா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். டிரைவர் சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். டப்பா கொண்டுவரவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சிஸ்டர் அண்ணனுக்கு ஃபோன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாராம். ஜன்னலோரப் படுக்கையில் இன்னமும் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் வரவேண்டிய நேரத்துக்குப் பெயர் திரையில் வந்து நிற்கிறது. வேறு ஆளுக்கு அந்தப் படுக்கையைக் கொடுக்க நிரல் விடமாட்டேன் என்கிறது. இறந்தவர்களின் பதிவை மூடுகிற அதிகாரத்தை மையத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை, அலுவலகத்திலிருந்துதான் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தவள் டிரைவர்தான். தவறுதலாக உயிரோடு இருக்கிறவர்களை யாரும் மூடிவிடக் கூடாதே என்று.

"நான் பண்ணிடறேம்மா, நீங்க விடுங்க" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, என்னோட வேலை. நான் பண்றேன்" என்றாள் டிரைவர்.

பதிவைத் திறந்தாள். அம்மாவின் பெயர், வயது, ரத்த வகை, படுக்கை. மூடு என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். கீழே கடையில் ரம்பம் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அண்ணன் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"சிக்னல்."

"சொல்லு."

"என்னால முடியல. நீ பண்ணிடு."

டிரைவர் எழுந்து அந்தச் சாத்தாத ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிக்னல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் சூடாக இருந்தது. ஒரு பெயரைத் தவறவிட்டு இன்னொரு பெயரில் அழுத்திவிட்டால் என்ன ஆவது என்று பெயரை மூன்று தடவை படித்தாள்.

"பக்கத்துல வந்து நின்னு பாக்கறியா?"

"வேணாம்" என்றாள் டிரைவர், திரும்பாமலே.

அவள் அழுத்தினாள். உறுதிதானா என்று ஒரு கேள்வி வந்தது. உறுதி என்றாள். பெயர் பட்டியலிலிருந்து போனது. ஜன்னலோரப் படுக்கை காலி என்று காட்டியது. பட்டியலை மூடிவிட்டு மறுபடி திறந்து, படுக்கையை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆச்சு."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், டிரைவர் வந்து உட்கார வசதியாக நாற்காலியைப் பின்னால் நகர்த்தி எழுந்து நின்றாள்.

ஜன்னலில் நின்றவள் வரவில்லை. முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். திரையின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"சரிடி" என்றாள்.